படப்பிடிப்பில் ஸ்டில்ஸ்காரர் எதற்கு?

அம்பாசமுத்திரம், பாபநாசம், தென்காசிப் பக்கம் ஏதாவது ஒரு படப்பிடிப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, நீங்கதான் கேமராமேனா?" ஸ்டில்ஸ், அதாவது போஸ்டருக்கும் விளம்பரத்துக்கும் படப்பிடிப்பில் புகைப்படம் எடுக்கிற வேலை என்றதும், "ஓ, போட்டோ எடுக்கவரா" என்று நகர்ந்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன பட்ஜெட்டில் படமெடுக்க வரும் தயாரிப்பாளர்களிலேயே சிலர், செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது ஸ்டில்ஸ்காரர் சம்பளத்தில்தான். "படமே டிஜிட்டல்லதான எடுக்கோம், வேணுங்கிற ஃபிரேமைப் பிறகு எடுத்துக்கிடலாம்" என்பார்கள்.

எடுக்கலாம், ஆனால் போஸ்டருக்கு ஆகாது. சினிமா கேமராவில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். ஓடுகிற காலும் வீசுகிற கையும் இழுபட்டுத்தான் பதியும். திரையில் அந்த இழுப்புதான் அசைவை இயல்பாகக் காட்டுகிறது. அதையே தாளில் அச்சடித்தால் வெறும் மங்கல். அப்புறம் அளவு: ஒரு 4கே ஃபிரேம் 9 மெகாபிக்சலைத் தாண்டாது. இன்று சாதாரண ஸ்டில் கேமராவே 24 தருகிறது. இன்னொன்று, படம் அகலவாக்கு, போஸ்டர் பெரும்பாலும் நெடுக்குவாக்கு. அகலத்திரை ஃபிரேமில் நாயகன் தலையும் இடுப்பும் வெட்டுப்பட்டு நிற்பார். ஜங்ஷன் சுவரில் ஒட்டுவதற்கு ஆள் முழுசாக வேண்டாமா?

வேலை போஸ்டரோடு முடிவதுமில்லை. கதையில் வரும் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் அப்பா படம், கல்யாண ஆல்பம், காணவில்லை நோட்டீஸ் எல்லாம் நாங்கள் எடுப்பவைதான். அப்பா 20 வருடம் முன்பு இறந்தவர் என்றால், அந்தக் காலத்து ஸ்டுடியோ வெளிச்சமும், பின்னால் தொங்கிய திரையும், சிரிக்காமல் நேராகப் பார்க்கும் முகமும் வேண்டும். இதைக் காட்சி எடுக்கும் அன்று காலையில் வந்து கேட்கிறவர்களை என்ன சொல்ல! கண்டினியூட்டி படங்களை, அதாவது உடையும் பொருட்களும் ஒரு ஷாட்டுக்கு அடுத்த ஷாட் மாறாமல் இருக்கப் பார்த்துக்கொள்ளும் படங்களை, இப்போது உதவி இயக்குநர்களே மொபைலில் எடுத்துக்கொள்கிறார்கள். அது நல்லதுதான்.

திசையன்விளைப் பக்கம் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில், எடுக்கும்போதுதான் இந்த வேலையின் கஷ்டம் தெரியும். செம்மண் மேல் விழும் வெயில் திரும்பி எழுந்து, தாடைக்குக் கீழேயும் கண்ணுக்குக் கீழேயும் சிவப்பாக அடிக்கும். ஒளிப்பதிவாளர் தன் கேமரா பார்க்கும் கோணத்துக்கு வெள்ளைத் துணியோ தெர்மாகோலோ வைத்து அதைச் சமாளித்திருப்பார். நான் நாலடி தள்ளி நிற்பேன். என் கோணத்தில் பாதி முகம் செங்கல் நிறத்தில் இருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் அங்கே லென்ஸைக் கழற்றினால், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் மண்தான். அதனால் கழற்றுவதே இல்லை, இரண்டு கேமரா கழுத்தில் தொங்கும். லைவ் சவுண்டில், அதாவது வசனத்தைப் படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்து, எடுக்கும் படம் என்றால் ஷட்டர் சத்தமும் கேட்கக்கூடாது. சத்தமில்லா முறைக்கு மாற்றினால் சில எல்.இ.டி. விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை விழும்.

இதற்கெல்லாம் மருந்து ஒரு நிமிடம். 'ஷாட் ஓகே' என்று இயக்குநர் சொன்னதும், லைட்டில் யாரும் கைவைப்பதற்கு முன், நடிகர்களை அதே இடத்தில் நிற்கவைத்து எங்களுக்குக் கொடுக்கும் ஒரு நிமிடம். புதிதாகப் படமெடுக்கும் இயக்குநர்கள் இதை மட்டுமாவது தயவுசெய்து வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி எதுவும் இன்று கிடைப்பதில்லை. அதன் நாயகி டி.பி.ராஜலட்சுமி அந்தப் படத்தில் எப்படி இருந்தார் என்று நாம் பார்ப்பது மிஞ்சியிருக்கும் புகைப்படங்களில்தான். ஸ்டில்ஸ் வீண்செலவு என்கிறவர்களிடம் நான் எடுத்துச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

கடைசியாக, கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் நம்ம ஊர்த் தம்பிகளுக்கு. வெளியூர் யூனிட் வந்து "பத்து நாள் ஸ்டில்ஸ் பாருங்க தம்பி" என்று கூப்பிட்டால் உடனே தலையாட்டாதீர்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் உரிமையாளர். ஆனால் எடுத்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமே இருக்கும். சம்பளம், நாள் கணக்கு, டைட்டிலில் பெயர், படம் வெளியான பிறகு ஸ்டில்ஸை உங்கள் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டுக்கொள்ள அனுமதி, இந்த நாலையும் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பிலாவது. படம் வெளியாவதற்கு முன்னால் ஒரு ஸ்டில்லைக்கூட, சித்தப்பா மகனுக்குக்கூட, அனுப்பாதீர்கள். நாயகனின் கெட்டப் வெளியே கசிந்தால் எல்லார் கண்ணும் முதலில் திரும்புவது கேமரா வைத்திருப்பவர் பக்கம்தான். பெயர் விஷயத்தை முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுங்கள். படம் தணிக்கைக்குப் போன பிறகு கேட்டால், "அடுத்த படத்துல பாத்துக்கலாம் தம்பி" என்ற பதில்தான் வரும்.