கூண்டில் ஏறும் முன்பே தொடங்கும் வருத்தம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் வழக்குகள் பழகிப்போனவை. மோட்டார் சைக்கிளில் திருட்டுத்தனமாக ஏற்றிய இரண்டு சாக்கு செம்பனை உதிரிப்பழம், லயத்தில் குடித்துவிட்டு நடந்த கைகலப்பு, போலீஸ் எடுத்த சிறுநீர்ச் சோதனையில் 'பாசிட்டிவ்'. இவற்றைச் சின்னக் கேஸ் என்று நாம்தான் சொல்கிறோம். உதிரிப்பழத்துக்குப் பாயும் தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின் (திருட்டு) உச்ச வரம்பு 7 ஆண்டுச் சிறை. கைகலப்புக்கு 323: ஓராண்டுச் சிறை, 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும்.

"ஒப்புக்கிட்டா ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று பாலாய் (போலீஸ் நிலையம்) வாசலில் யாராவது சொல்வார்கள். ஃபைன் கட்டலாம்தான், ஆனால் குற்றப்பதிவு அப்படியே நிற்கும். 379இல் இரண்டாம் முறை மாட்டினால் வெறும் அபராதத்தோடு தப்ப வழியில்லை, சிறை உறுதி. ஆகவே தண்டனை குறையட்டும் என்று நீதிமன்றத்தில் வருத்தம் காட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: உண்மையில் செய்தாரா, அதை அரசுத்தரப்பால் நிரூபிக்க முடியுமா? இதை வழக்கறிஞரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். வசதியில்லாதவர்களுக்காகத் தேசிய சட்ட உதவி அறவாரியம் (மலாய்ச் சுருக்கம் ஒய்.பி.ஜி.கே.) 2012 முதல் இயங்குகிறது. ரிமாண்ட், ஜாமீன், தண்டனைக் குறைப்பு முறையீடு வரை அதன் வழக்கறிஞர்கள் வருவார்கள். விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் தரும்போது, தன்னைக் குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு. மறுத்தால் வருத்தம் இல்லை என்று பொருளாகாது.

ஒப்புக்கொள்வது என்று முடிவான பிறகு பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். "குற்றத்தை ஏற்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "ஆனா சாக்கை வண்டியில வச்சது கூட்டாளிதான், எனக்குத் தெரியாது" என்பார்கள். நிபந்தனையோடு வரும் ஒப்புதலை மாஜிஸ்திரேட் ஏற்க முடியாது. வழக்கு விசாரணைக்குப் போகும், தேதிகள் நீளும். சூழ்நிலையைச் சொல்லலாம், குற்றத்தை மறுக்கக் கூடாது.

கூண்டில் விடும் கண்ணீருக்கு அதிக எடை இல்லை என்பது என் கருத்து. தேதி போட்ட காகிதத்துக்கு உண்டு. பழத்தின் விலையைத் தோட்ட நிர்வாகத்திடம் கட்டி ரசீது வாங்குங்கள். விலை எவ்வளவு என்பதற்கு எடைச் சீட்டே ஆதாரம். ஆனால் மன்னிப்புக் கடிதமும் பணமும் வழக்கறிஞர் வழியாகவே போகட்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று முடிவாகும் முன் எழுதிய கடிதம் உங்களுக்கு எதிரான சாட்சியமாகத் திரும்பலாம். கைகலப்பு வழக்கில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அடிபட்டவர் வீட்டுக்குப் போய் "ரிப்போர்ட்டைத் தாரிக் பாலேக் பண்ணு" (புகாரைத் திரும்பப் பெறு) என்பது அதைவிட மோசம், சாட்சியை மிரட்டியதாகிவிடும். புகார்தாரர் திரும்பப் பெற்றாலே கேஸ் செத்துவிடாது, அந்த முடிவு அரசுத்தரப்பு வழக்கறிஞர் கையில். 323க்கு நீதிமன்ற ஒப்புதலோடு சமரசம் செய்துகொள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 260ஆம் பிரிவு இடம் தருகிறது. அதுதான் முறையான வழி.

நற்சான்றுக் கடிதம் பற்றி. கோயில் தலைவரோ தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரோ "நல்ல பையன்" என்று இரண்டு வரி எழுதினால் போதாது. எத்தனை ஆண்டுப் பழக்கம், எந்தக் குற்றச்சாட்டு என்று தெரிந்தே எழுதுகிறார், இனி அவர் எந்த வகையில் உடன் நிற்பார் என்ற மூன்றும் வேண்டும். தோட்டத் துரையின் கடிதத்தோடு சம்பளச் சீட்டையும் சேருங்கள்.

குடியோ போதையோ பின்னணியில் இருந்தால், குற்றம் சாட்டப்பட்ட வாரமே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகம்) போங்கள். அங்கே தரும் மாற்று மருந்தான மெத்தடோன் ஹெரோயின் வகைப் பழக்கத்துக்குத்தான். சாபு (மெத்தாம்பெட்டமின்) எடுப்பவருக்கு அது மருந்தல்ல, ஆலோசனைச் சிகிச்சை கேட்க வேண்டும். தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யில் தாமாகவே சிகிச்சைக்குப் பதியலாம். அதனால் வழக்கு நீங்காது, ஆனால் ஆறு வாரம் முத்திரை விழுந்த வருகை அட்டை பேசும். நீதிமன்றத் தேதிக்கு முதல்நாள் வாங்கிய ஒற்றைக் கடிதமும் பேசும், வேறு விதமாக.

இத்தனையும் எதற்கு? அதே நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவின் கீழ், குற்றம் நிரூபணமானாலும் தீர்ப்பைப் பதியாமல் எச்சரித்து விடலாம், அல்லது 3 ஆண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விடலாம். வயது, உடல்நலம், முன்வரலாறு, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். 294ஆம் பிரிவிலும் நன்னடத்தைப் பிணை உண்டு, ஆனால் அங்கே குற்றத் தீர்ப்பு பதிவாகிவிடும். வேலைக்கு மனு போடும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிது. எதைக் கேட்கப் போகிறார் என்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள். 18 நிறைந்து 21 நிறையாதவருக்கு 293இன் கீழ் 240 மணி நேரம் வரை சமூகச் சேவை விதிக்கலாம். 18க்குக் கீழ் என்றால் குழந்தைகள் நீதிமன்றம்.

அன்று காலை கோர்ட் கூடுவதற்கு முன்பே போய், எல்லாக் காகிதங்களையும் மூன்று பிரதியாக வழக்கறிஞரிடம் கொடுங்கள். குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்படும். அது புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கேயே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் அன்று இல்லாமல் வழக்கு வேறு தேதிக்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.