உருது பேசும் பிள்ளைகளுக்கு அமெரிக்க அளவுகோல்

பதின்வயதினரின் ஆளுமையையும் மனநலத்தையும் அளக்கப் பரவலாகப் பயன்படும் தேர்வு எம்எம்பிஐ-ஏ. 1992-ல் அமெரிக்காவில் வந்தது. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 478 வாக்கியங்கள்; ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று குறிக்க வேண்டும். இதை உருதுவுக்குக் கொண்டுபோக, பதிப்பாளரின் அனுமதியும் நல்ல மொழிபெயர்ப்பாளரும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. உளவியல் ஆலோசகராக என் அபிப்பிராயம், மொழிபெயர்ப்பு அதில் சுலபமான பாதி.

அந்தப் பாதியிலேயே எத்தனை முடிச்சு! தமிழில் 'நான் போகிறேன்' என்பதைப் பையனும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். உருதுவில் பையன் 'ஜாத்தா ஹூ' என்பான், பெண் 'ஜாத்தீ ஹூ' என்பாள். ஆண்பாலில் மட்டும் அச்சடித்தால் பத்தாம் வகுப்புப் பெண் வரிக்கு வரி மனதுக்குள் மாற்றிப் படிக்க வேண்டும். நூறு வாக்கியம் தாண்டுவதற்குள் சலித்துவிடும், அப்புறம் கை போன போக்கில் குறிப்பாள். இரண்டு பாலையும் சாய்கோடு போட்டுத் தரலாம், படிக்கக் கண்ணைக் கட்டும். முடிந்த இடத்தில் 'எனக்குக் கோபம் வரும்' என்பதுபோல் வாக்கியத்தையே திருப்பி எழுதுவது மேல். 'முஜே குஸ்ஸா ஆத்தா ஹை' இருவருக்கும் பொருந்தும்.

உருது வாக்கியங்களை, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது வழக்கமான முறை. நல்லதுதான். ஆனால் அது இரண்டு பெரியவர்களுக்குள் நடக்கும் சோதனை. பிள்ளைகள் சிலரை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து என்ன புரிந்தது என்று சொல்லச் சொன்னால்தான் உண்மை வெளிவரும்.

அதிலும் எந்தப் பிள்ளைகள்? பாகிஸ்தானின் தேசிய மொழி உருது. ஆனால் அங்கே அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. லாகூர்ப் பையன் வீட்டில் பஞ்சாபி பேசலாம், பெஷாவர்ப் பையன் பஷ்தோ பேசலாம். கராச்சியில் ஆங்கில வழியில் படிப்பவனுக்கு உருது எழுத்தே வேகமாக ஓடாமல் போகலாம். ரம்ஜான் மாதத்தில் தேர்வு வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். விடியுமுன் சஹர் உணவுக்கு எழுந்து நோன்பிருக்கும் பிள்ளையிடம் தூக்கமும் பசியும் எப்படி என்று கேட்டு என்ன தெரியப்போகிறது?

கடினமான பாதி மதிப்பெண்ணில் இருக்கிறது. இந்தத் தேர்வில் சராசரி 50. ஒரு பிள்ளையின் மதிப்பெண் 65-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியது என்று கணக்கு. அந்தச் சராசரி 805 அமெரிக்கப் பையன்களிடமும் 815 பெண்களிடமும் எடுத்தது. சின்னக் குறைகளைக்கூட ஒப்புக்கொள்ளாதவர்களைக் கண்டுபிடிக்க இதில் ஓர் அளவுகோல் உண்டு. பெரியவர்களை எதிர்த்துப் பேசாததே நல்ல வளர்ப்பு என்றிருக்கும் வீட்டுப் பிள்ளை, தன் குறையைத் தாளில் எழுதக் கூசும். அமெரிக்க அட்டவணையில் வைத்தால் அந்தக் கூச்சம் பொய்யாகத் தெரியலாம். உருது பேசும் பிள்ளைகளிடமே, நகரம், கிராமம், மதரஸா, மெட்ரிக் பள்ளி எல்லாவற்றிலும், புதிதாகச் சராசரி எடுத்தால்தான் இது தீரும். செலவும் காலமும் பிடிக்கும் வேலை என்பதால் பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் பிள்ளைக்கு உருதுவில் இப்படி ஒரு தேர்வு வைத்து அறிக்கை தந்தால், எந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு இந்த எண் வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தோ பள்ளி மாற்றமோ முடிவு செய்ய வேண்டாம். பிள்ளையிடம் நேரில் உட்கார்ந்து பேசும் ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.