இரகசியமும் மந்தணமும்

சிங்கப்பூரில் ‘அஃபிஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட்’ எனப்படும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் ‘அதிகாரத்துவ இரகசியச் சட்டம்’ என்கிறோம். இத்தொடரின் முதற்சொல் தமிழகத்திலிருந்து புதிதாக வந்த வாசகரைச் சற்றுத் தயங்க வைக்கும். நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று என்று சொல்லிப் பழகிய நமக்கு அச்சொல் அரசு ஏற்புடையது என்னும் பொருளைத் தருகிறது; அங்கோ அது அதிகாரிகளின் கை ஓங்கிய ஆட்சிமுறையைக் குறிக்கும். எனினும் கூடுதல் கவனம் வேண்டுவது இரண்டாம் சொல்லுக்கே.

இரகசியம் வடசொல். ‘ரஹஸ்’ என்றால் தனிமை, ஆளரவமற்ற இடம். அங்கே பேசப்படுவது ‘ரஹஸ்ய’. மலாய்மொழியும் இதே சொல்லை ‘ரஹ்சியா’ என்று ஏற்றிருப்பதால், நம் தீவில் இரு மொழியினர் ஒரே வேரிலிருந்து பிறந்த சொல்லைப் புழங்குகிறார்கள். தமிழில் இப்பொருளுக்கு நெடுங்காலமாக உள்ள சொல் மறை. “எப்பொருளும் ஓரார் தொடரார்மற் றப்பொருளை விட்டக்கால் கேட்க மறை” என்னும் 695ஆம் குறள், அரசன் பிறரோடு மறைவாகப் பேசுவதை ஒட்டுக்கேட்கவோ துருவி வினவவோ கூடாது, அவனே வெளியிட்டால் கேட்டுக்கொள்ளலாம் என்று அரசவையில் இருப்போருக்குச் சொல்கிறது. அரச மறையும் ஒருநாள் வெளியிடப்படக்கூடியதே என்பது ‘விட்டக்கால்’ என்னும் சொல்லில் அடங்கியிருப்பதாக நான் கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல் என்று இரு சொற்கள் உள்ளன. முன்னது பிரித்து ஒதுக்கி வைத்தல் என்னும் இலத்தீன் வினையிலிருந்தும், பின்னது முழுமையாக நம்புதல் என்னும் வினையிலிருந்தும் பிறந்தவை. முன்னதில் செய்தியை வைத்திருப்பவர் தாமே அதை ஒதுக்கி வைக்கிறார்; பின்னதில் வேறொருவர் நம்பிக் கொடுத்ததை அவர் காக்கிறார். இவ்விரண்டையும் இரகசியம் என்ற ஒரே சொல்லால் நாம் குறித்துவிடுவதால், அரசு மக்களிடமிருந்து மறைப்பதும் மக்கள் அரசிடம் ஒப்படைத்ததும் ஒன்றுபோல் தோன்றிவிடுகின்றன.

நாட்டின் நிதியிருப்பு முழுவதும் எவ்வளவு என்பதை அரசாங்கம் வெளியிடுவதில்லை. வெளியிட்டால் சிங்கப்பூர் வெள்ளியைத் தாக்க நினைக்கும் ஊக வணிகர்களுக்கு அது துணையாகும் என்பது அரசாங்கம் கூறும் காரணம். அக்காரணம் போதுமா என்று ஒருவர் வாதிடலாம். அது இரகசியத்தைப் பற்றிய வாதம். கொவிட்-19 தொற்றுத் தடமறியும் திட்டமான டிரேஸ்டுகெதர் பற்றி 2021 ஜனவரியில் எழுந்த விவகாரம் வேறு வகையானது. நோய்த்தொற்றின் தடமறிய மட்டுமே பயன்படும் என்ற உறுதிமொழியை நம்பி மக்கள் அளித்த தகவலைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறையும் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது பலர் மனம் கசந்தனர். பொறுப்பமைச்சர் தவற்றுக்குப் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தார். பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் அப்பயன்பாட்டை ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என வரையறுத்தது. அங்கே எந்த இரகசியமும் கசியவில்லை. ஆயினும் ஒன்று குலைந்தது. குலைந்ததற்கு நம் நாளிதழ்த் தமிழில் தனிப்பெயர் இல்லாமையே என் கவலை.

அதற்குரிய சொல் புதிதாக ஆக்கப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்கள் கான்ஃபிடென்ஷியல் என்பதற்கு மந்தணம் என்று எழுதுகின்றன. ஆலோசனையைக் குறிக்கும் ‘மந்த்ரண’ என்னும் வடசொல்லோடு தொடர்புடைய இது, மந்திரி என்னும் சொல்லுக்கும் உறவாகும். ஒருவர் மற்றொருவரை நம்பித் தாழ்குரலில் சொல்வதும், கேட்டவர் அதைக் காப்பதும் இச்சொல்லின் பொருளுக்குள் அமைகின்றன.

இனி, நம்பிக்கை. “நம்பும் மேவும் நசையாகும்மே” என்று தொல்காப்பியம் உரியியலில் கூறுவதால், நம்பு என்பதற்குப் பழம்பொருள் விருப்பம் எனத் தெரிகிறது. குறளோ நம்புதலுக்குத் தெளிதல் என்னும் சொல்லை ஆள்கிறது. “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்” என்னும் 510ஆம் குறளில் தெளிவு என்றால் நம்பிக்கை: ஆராயாமல் நம்புவதும், நம்பியவரைப் பின்னர் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும். கலங்கிய நீர் தெளிவதற்கும் ஒருவரை நம்புவதற்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

2019 ஜனவரியில் எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது தெரியவந்தது. அவ்விவரங்களை ‘அரசாங்க இரகசியம்’ என்பது பொருந்தாது. அவை அந்நோயாளிகளின் மந்தணம். மருத்துவமனைக் கடித உறையின் மேலும் இச்சொல்லையே அச்சிடலாம். நிதியிருப்பின் தொகைக்கு இரகசியம் என்ற சொல் இருக்கட்டும். அதை அரச மறை என்றாலும் பிழையில்லை.