காலி இருக்கைக்கு என்ன விலை?

2025 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிளப் உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதி ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் செல்சிக்கும் பிரேசிலின் ஃபுளுமினென்ஸுக்கும் ஆட்டம். சாதாரண டிக்கெட்டுக்கு முதலில் சொன்ன விலை 473.90 டாலர். ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு பார்த்தால் அதே டிக்கெட் 13.40 டாலருக்குக் கிடைத்தது. மைதானத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. கேட்ட விலைக்கு ஆள் வரவில்லை, அவ்வளவுதான். முழுப் பணம் கட்டி முன்கூட்டியே வாங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை அப்புறம் பார்ப்போம்.

டிக்கெட் விலை இப்படிப் பாதாளத்துக்கு இறங்க முடிகிறது என்றால், அந்த விலைக்கும் செலவுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். வீரர்களின் சம்பளம், புல்தரைப் பராமரிப்பு, விளக்கு வெளிச்சம் எல்லாம் 20,000 பேர் வந்தாலும் 50,000 பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்வதால் கிளப்புக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டால், விற்காமல் போன இருக்கையை எடுத்துவைத்து அடுத்த வாரம் விற்க முடியாது.

விமான நிறுவனங்களுக்கும் இதே தலைவலிதான். 1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்கள் மீதான கட்டுப்பாட்டை விலக்கியது. அதன் பிறகு, 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள், எந்த இருக்கையை எப்போது எந்த விலைக்கு விற்பது என்பதைக் கணினியிடம் விட்டன. விளையாட்டுக்கு இந்த முறை வந்தது பேஸ்பால் வழியாக. சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி 2009-ல் சுமார் 2,000 இருக்கைகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டே மைதானம் முழுவதற்கும் கொண்டுவந்தது. எதிரணி யார், வாரத்தின் எந்த நாள், வானிலை எப்படி, இதுவரை எவ்வளவு வேகமாக விற்றிருக்கிறது என்று பார்த்து மென்பொருள் விலையை ஏற்றி இறக்கும்.

ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் பெரும்பாலும் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகின்றன. ரசிகர்களின் கோபம் ஒரு காரணம்தான். விற்கிற சரக்கே வேறு என்பது அதைவிடப் பெரிய காரணம். விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் நமக்குச் சந்தோஷம். மைதானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் நாம் வாங்கிய டிக்கெட்டின் மதிப்பே குறைகிறது. பாட்டும் கூச்சலும் நிறைந்த கூட்டத்தைப் பார்க்கவும்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அதாவது, வாடிக்கையாளரே சரக்கின் ஒரு பகுதி.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை. 2020-ல் பெருந்தொற்றால் காலி மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தபோது, ஆய்வாளர்களுக்கு எதிர்பாராத ஒரு பரிசோதனைக்கூடம் கிடைத்தது. அதே லீக், அதே அணிகள், கூட்டம் மட்டும் இல்லை. சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு வழக்கமாகக் கிடைக்கும் சாதகம் குறைந்தது. நடுவர்கள் வெளியூர் அணிக்குக் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. கூட்டத்தின் சத்தம் புள்ளிப் பட்டியலையே தொடுகிறது என்றால், அந்தச் சத்தத்தைப் போடுகிறவரிடம் எவ்வளவு வசூலிக்கலாம் என்ற கேள்வி கொஞ்சம் சிக்கலானதுதான்.

விளையாட்டுப் பொருளாதார ஆய்வாளர்களுக்கு நீண்ட நாளாக ஒரு புதிர் உண்டு. டிக்கெட் விலையை 10 சதவீதம் ஏற்றினால், பல அணிகளுக்கு வருகை 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கும் என்று கணக்குகள் காட்டுகின்றன. அப்படியானால் விலையை ஏற்றினால் டிக்கெட் வசூல் கூடும். பிறகு ஏன் கிளப்புகள் இன்னும் ஏற்றாமல் இருக்கின்றன? கருணையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

டிக்கெட் 40 பவுண்டு, வருகிறவர்கள் 30,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 12 லட்சம். விலையை 50 ஆக்கினால் 25,000 பேர்தான் வருவார்கள் என்றால் வசூல் 12.5 லட்சம். ஏற்றியது லாபம் போலத் தெரிகிறது. ஆனால் உள்ளே வரும் ஒவ்வொருவரும் சாப்பாடு, பானம், ஜெர்சி, வண்டி நிறுத்தம் என்று கிளப்புக்குச் சராசரியாக 15 பவுண்டு லாபம் தருகிறார் என்றால்? முதல் கணக்கு 16.5 லட்சம் ஆகிறது. இரண்டாவது 16.25 லட்சம்தான். டிக்கெட் கல்லாவை மட்டும் பார்த்தவர் ஜெயித்ததாக நினைப்பார். மொத்தக் கணக்கில் கிளப் தோற்றிருக்கும். இதில் நான் சேர்க்காதவையும் உண்டு: தொலைக்காட்சியில் காலி இருக்கைகள் தெரிந்தால் விளம்பரதாரர் முகம் சுளிப்பார். ஆட்டத்துக்கு வரும் பழக்கம் விட்டுப்போனவரை மறுபடி இழுப்பது கஷ்டம்.

பெரிய கிளப்புகளுக்கு ஆட்ட நாள் வருமானம் மூன்று கல்லாக்களில் மிகச் சிறியது. டெலாய்ட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல்படி, 2023-24 சீசனில் உலகின் முதல் 20 கிளப்புகள் சம்பாதித்தது சுமார் 1,120 கோடி யூரோ. அதில் ஆட்ட நாள் வருமானம் சுமார் 210 கோடி. மிச்சமெல்லாம் ஒளிபரப்பு உரிமையும் விளம்பரம், வணிகமும். ஆனால் ஒளிபரப்புப் பணத்தை லீக்தான் பேரம் பேசிப் பிரித்துக் கொடுக்கிறது. கிளப் நினைத்தவுடன் கை வைத்துத் திருகக்கூடிய குமிழ் ஆட்ட நாள் வருமானம்தான். கீழ்நிலை லீக் கிளப்புகளுக்கோ அதுதான் பிழைப்பே.

சரி, எல்லோருக்கும் விலையை ஏற்றுவது முட்டாள்தனம் என்றால் பணத்தை எங்கிருந்து எடுப்பது? யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து. 1920-ல் ஆர்தர் பிகூ என்ற பொருளியலாளர் இதை வகைப்படுத்தி எழுதினார். ஒரே பொருளுக்கு ஆளுக்குத் தக்க விலை வாங்குவதில் சில வழிகள் உண்டு. சிறுவர், மாணவர், முதியவர் என்று பிரித்துச் சலுகை கொடுப்பது ஒன்று. வாங்குபவரே தன் வகையைத் தேர்ந்துகொள்ளும்படி பொருளைப் பல தரமாக வைப்பது இன்னொன்று: கோல் கம்பத்துக்குப் பின்னால் குறைந்த விலை, நடுக்கோட்டுக்கு நேராக அதிகம், மெத்தை இருக்கையும் விருந்தும் சேர்ந்தால் எங்கேயோ. பெரிய எதிரணி வந்தால் ஏ பிரிவு, சின்ன அணி என்றால் சி பிரிவு என்று ஆட்டங்களையும் தரம் பிரிப்பார்கள்.

உண்மையான பணம் இருப்பது விருந்தோம்பல் இருக்கைகளில். 2006-ல் ஆர்சனல் ஹைபரியின் 38,000 இருக்கைகளை விட்டுவிட்டு, 60,000 பேர் அமரும் எமிரேட்ஸுக்குப் போனது. அங்கே கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே ஒரு வளையம் முழுவதையும் கிளப் லெவல் என்று விலை உயர்ந்த இருக்கைகளுக்கு ஒதுக்கினார்கள். ரியல் மாட்ரிட் இன்னும் தெளிவான உதாரணம். பெர்னபேயு மைதானத்தைப் புதுப்பித்தபோது இருக்கைகள் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் 2023-24-ல் ஆட்ட நாள் வருமானம் இரட்டிப்பாகி 24.8 கோடி யூரோவைத் தொட்டது. விஐபி பகுதிகளைப் புதுப்பித்ததும், குறிப்பிட்ட இருக்கையில் அமரும் உரிமையைத் தனியாக விற்றதும் அதில் பெரிய பங்கு. அந்த ஆண்டுதான் வருமானத்தில் 100 கோடி யூரோவைத் தாண்டிய முதல் கால்பந்து கிளப் ஆனது ரியல் மாட்ரிட். ஆட்டம் இல்லாத நாட்களில் இசை நிகழ்ச்சி நடத்தும் திட்டம் மட்டும் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தினர் புகார் செய்ய, 2024 செப்டம்பரில் கச்சேரிகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது பெரிய வாய்ப்பு டிக்கெட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது. இடைவேளை 15 நிமிடம். 60,000 பேரில் மூன்றில் ஒரு பங்கு எழுந்து கடைக்குப் போனால் 20,000 பேர். ஒருவரைக் கவனிக்க 45 வினாடி என்றால் ஒரு கவுண்டர் இடைவேளைக்குள் 20 பேரை அனுப்பும். எல்லோருக்கும் கிடைக்க 1,000 கவுண்டர் வேண்டும்! இங்கிலாந்தில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். புல்தரை கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது என்று 1985-லிருந்தே சட்டம் இருப்பதால், எல்லோரும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் மொய்க்கிறார்கள். ஆக, பியர் விலையை ஏற்றுவதைவிடப் பத்து வினாடி மிச்சப்படுத்துவதில் அதிக வருமானம். 2019-ல் திறந்த டாட்டன்ஹாம் மைதானத்தில் கோப்பையின் அடிவழியாகப் பியர் நிரப்பும் குழாய்கள், ரொக்கமில்லாப் பணம் செலுத்துதல், 65 மீட்டர் நீள பார் எல்லாம் வந்தது இதற்காகத்தான். உள்ளேயே பியர் காய்ச்சுகிறார்கள் என்பது செய்திக்கு அழகு. வரிசையைக் குறைத்தது குழாய்தான் என்பது என் கட்சி.

அட்லாண்டாவில் நேர் எதிர்த்திசையில் போனார்கள். அட்லாண்டா யுனைடெட் கால்பந்து கிளப்பும் ஃபால்கன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியும் ஆடும் மெர்சிடிஸ் பென்ஸ் மைதானம் 2017-ல் திறந்தபோது, சாப்பாட்டு விலையைப் பழைய மைதானத்தில் இருந்ததில் பாதியாக்கினார்கள். ஹாட் டாக் 2 டாலர். எல்லா விலையும் முழு டாலரில், சில்லறைக்குத் தடுமாற வேண்டியதில்லை. ஃபால்கன்ஸ் ஆட்டங்களில் தலைக்குச் செலவு குறையவில்லை, 16 சதவீதம் கூடியது.

சீசன் டிக்கெட் இன்னொரு வகைச் சாமர்த்தியம். ஆட்டம் தொடங்கும் முன்பே, கோடையில், வீரர்களை வாங்கும் நேரத்தில் கையில் பணம். அணி தோற்றாலும் அந்தப் பணம் வந்தது வந்ததுதான். இதில் மனமும் வேலை செய்கிறது. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாடகக் குழுவின் சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் தற்செயலாகக் கிடைக்கும்படி செய்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு வீணாகக் கூடாதே! தள்ளுபடி டிக்கெட் இருக்கையை விற்றுத் தரும். ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முழுக்க இலவசமாகவே கொடுத்தால்? ஜெர்மனியின் ஃபோர்டுனா டுசல்டார்ஃப் 2023-24 சீசனில் சில ஆட்டங்களுக்கு டிக்கெட்டே வாங்காமல் ரசிகர்களை விட்டது. பணம் விளம்பரதாரர்களிடமிருந்து வந்தது. முதல் இலவச ஆட்டத்தில் கைசர்ஸ்லாட்டர்னுக்கு எதிராக 0-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்தார்கள். இதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. 2023 நவம்பரில் பாரிஸ் எஃப்சியும் இலவசத்துக்கு மாறியது. இங்கே கிளப் விற்றது நிறைந்த மைதானத்தை, வாங்கியவர் விளம்பரதாரர்.

இப்போது அந்த 473 டாலர் கொடுத்தவரிடம் வருவோம். 1986-ல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் பனி அள்ளும் 15 டாலர் மண்வாரியை 20 டாலருக்கு விற்றால் நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கிராக்கி கூடினால் விலை கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தன் கடைக்காரர் அதைத் தன்னிடம் செய்யும்போதுதான் வலிக்கிறது. கால்பந்து ரசிகருக்கு மாற்றுக் கடையும் கிடையாது. விலை ஏறியது என்று அடுத்த கிளப்புக்குப் போய்விட மாட்டார். அதனாலேயே அவரைச் சுரண்டுவது சுலபம், அதனாலேயே அவர் கோபம் பெரிது.

2016 பிப்ரவரியில் லிவர்பூல், புதிய ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியேறினார்கள். 2-0 என்று முன்னிலையில் இருந்த அணி 2-2 என்று டிரா செய்தது. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த சீசனிலிருந்து பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு வைத்தன. பாடும் வெளியூர்க் கூட்டம் இல்லாத ஆட்டம் தொலைக்காட்சியிலும் சப்பென்றிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் 2024 இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் சீசன் நடுவிலேயே, மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளுக்குச் சிறுவர், முதியவர் சலுகையை நீக்கி 66 பவுண்டு ஆக்கியது.

ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்பின் தலைவராக இருந்த ஊலி ஹொனஸ் இதற்கு முன்பே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். மலிவான சீசன் டிக்கெட்டை மூன்று மடங்காக்கினால் 20 லட்சம் கிடைக்கும். ஒரு வீரரை வாங்கும் பேச்சில் அந்தத் தொகைக்கு ஐந்து நிமிடம்தான் வாதாடுவோம். ரசிகருக்கோ அது மிகப் பெரிய வித்தியாசம் என்றார்.

இதில் ஜெர்மானியர்களுக்கு வடிவியலும் துணை. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் சுமார் 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். அதையும் சேர்த்து மைதானத்தில் 81,365 பேர். 2022 வரை ஐரோப்பியப் போட்டிகளுக்காக நிற்கும் இடங்களை இருக்கைகளாக மாற்ற வேண்டியிருந்தது. அப்போது அது சுமார் 66,000 ஆகச் சுருங்கியது. ஒருவர் உட்காரும் இடத்தில் ஏறக்குறைய இரண்டு பேர் நிற்கலாம் என்பதால், பாதி விலைக்கு விற்றாலும் சதுர மீட்டருக்கு வரும் பணம் அவ்வளவாகக் குறையாது. இங்கிலாந்துக்கு இந்த வசதி இல்லை. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் பலர் இறந்த பின் மேல்நிலை மைதானங்கள் முழுக்க இருக்கைகளாக மாறின. 2022-லிருந்து மறுபடியும் நிற்க அனுமதித்தாலும், ஓர் இருக்கை இடத்துக்கு ஒருவர் என்பதுதான் விதி. ஆகவே அங்கே நிற்கும் பகுதியை மலிவாக்கினால், குறையும் பணத்தை விஐபி அறைகளிலிருந்தோ பார் கவுண்டரிலிருந்தோதான் எடுக்க வேண்டும்.