மண் வீடு வேறு, மலிவு வீடு வேறு

"ஊர்ப்பக்கம் அரை ஏக்கர் வாங்கிவிட்டோம், சிமெண்டே இல்லாமல் ஒரு மண் வீடு கட்டித் தர வேண்டும், சாதாரண வீட்டில் பாதிச் செலவுதானே ஆகும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள், நான் திருச்சியில் கட்டடப் பொறியாளராகத் தொழில் தொடங்கிய காலத்தில் ஆண்டுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம், இப்போது மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். எல்லோருடைய கைப்பேசியிலும் ஏறத்தாழ ஒரே படங்கள்தான் இருக்கின்றன: வளைந்த மண் சுவர், சுவரில் பதித்த கண்ணாடிப் புட்டிகள், சிவப்பு ஆக்ஸைடு தரை, வாசலில் ஒரு திண்ணை. ஆசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் மண் வீடு, மலிவு வீடு, சூழலுக்கு இசைந்த வீடு ஆகிய மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்கால் தோண்டியவர்கள்தாம் பாதியில் பணம் தீர்ந்து என்னிடம் திரும்பி வருகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் சுவர்க் கட்டுமானம் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மாற்று முறையில் கட்டி அந்தச் சுவர்ச் செலவில் கால் பங்கை மிச்சப்படுத்தினாலும், மொத்தத்தில் மிஞ்சுவது நூற்றுக்கு நான்கு ரூபாய்தான். மீதிப் பணமெல்லாம் கடைக்காலிலும், கூரையிலும், கதவு ஜன்னலிலும், மின் வயரிலும், குழாயிலும், கழிவுத் தொட்டியிலும், ஆழ்துளைக் கிணற்றிலும் போகிறது. சுவர் மண்ணாக இருக்கிறது என்பதற்காக இவற்றில் எதுவும் விலை குறைவதில்லை. நம் பாட்டன் காலத்து மண் வீடு மலிவாக இருந்ததற்குக் காரணம், மண்ணை மிதித்ததும் சுமந்ததும் வீட்டாரும் உறவு முறையாரும் என்பதே. ஒரு வரி வைத்து, அது காயும் வரை காத்திருந்து, அடுத்த வரி வைக்கிற அந்த நிதானத்துக்கு அன்று யாரும் கூலி கணக்குப் போடவில்லை. இன்று கொத்தனாரும் சித்தாளும் நாள் கூலிக்கு வருகிறார்கள், மண் சுவரோ ஆள் நாட்களை அதிகம் தின்னும் வேலை.

செலவைக் குறைப்பதற்கு நான் அறிந்த நம்பகமான வழி, வீட்டைச் சிறியதாக்குவதுதான். ஆண்டுக்கு நாற்பது நாள் தங்கப்போகிற வீட்டுக்கு இணைப்புக் கழிவறையோடு மூன்று படுக்கையறைகளும், வராத விருந்தாளிகளுக்கு ஒரு மாடியும் போட்டு 1,500 சதுர அடிக்கு வரைபடம் கேட்பவர்களிடம், ஒரு பெரிய கூடம், ஓர் அறை, சமையலறை, அகலமான தாழ்வாரம் என்று 700 சதுர அடியில் ஒன்றை வரைந்து பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பத்தில் ஏழு பேர் முகம் சுளிப்பார்கள்.

பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, பின்னர் கேரளத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நடப்பதில்லை. அவரை, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் எலிப்பொறிக் கட்டுச் சுவராகவும், ஓடு பதித்த கான்கிரீட் கூரையாகவும் மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தேவையில்லாததை வரைபடத்திலிருந்தே அடித்துவிடுவது அவருடைய முதல் சிக்கனம். நல்ல வீடு அதைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்று காந்தி தம்மிடம் சொன்னதாக பேக்கர் நினைவுகூர்ந்ததுண்டு. அந்தச் சொல்லைப் பலரும் அழகுக்காக மேற்கோள் காட்டுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது ஒரு லாரி வாடகைக் கணக்கு. புதுக்கோட்டை மாவட்டத்தில் காலடியில் நல்ல செம்மண்ணும், கூப்பிடு தூரத்தில் செம்புராங்கல்லும் இருந்த ஓர் இடத்துக்கு, "இயற்கை வீடு" என்பதற்காக 200 கிலோமீட்டர் தள்ளியிருந்து, சூளையில் சுடாமல் இயந்திரத்தில் அழுத்திச் செய்த மண் கற்களை லாரி லாரியாக இறக்கியவரை எனக்குத் தெரியும். அவர் எரித்த டீசலுக்கு உள்ளூர்ச் சூளைச் செங்கல்லே மேல்.

ஆகவே, மனையைக் காட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு கண்ணாடிப் புட்டி. மேல் மண்ணில் வேரும் மட்கிய இலையும் இருக்கும் என்பதால் ஓரிரு அடி தோண்டி அதற்குக் கீழே உள்ள மண்ணை எடுத்து, புட்டியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துவிட வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்திலேயே அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் வண்டல் மெதுவாகப் படியும். களிமண் இறங்குவதற்கு மறுநாள் ஆகும், அதுவரை தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். மறுநாள் காலையில் புட்டிக்கு வெளியே ஓர் அளவுகோலை ஒட்டிவைத்து மூன்று அடுக்குகளையும் அளந்து பார்த்தால், மண் தன் கதையைச் சொல்லிவிடும். ஐந்து சதவீத அளவில் சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களுக்கு, மணலும் சரளையும் பாதிக்கு மேலும் களிமண் ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் இருந்தால் நல்ல மண். களி மிகக் குறைந்தால் கல் உதிரும். மிகக் கூடினால் காயும்போதே வெடிக்கும். அப்போது மணல் சேர்த்துச் சரிசெய்யலாம், ஆனால் அந்த மணலுக்கும் விலை உண்டு. புட்டிச் சோதனை ஆய்வகச் சோதனைக்கு மாற்று அல்ல. ஆயினும் ஒரு ரூபாய் செலவில்லாமல் பல தவறான முடிவுகளை அது தடுத்திருக்கிறது.

புட்டியே தேவைப்படாத மண்ணும் உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் ஒருவர் கரிசல் காட்டில் மனை வாங்கியிருந்தார். சித்திரை வெயிலில் போய் நின்றபோது, தரையிலிருந்த வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை தாராளமாக இறங்கியது. மழை பெய்தால் இதே மண் ஊதிப் பெருத்து, மேலே நிற்கிற கட்டடத்தைத் தூக்கும்; வெயில் வந்ததும் சுருங்கிக் கைவிடும். இப்படி ஆண்டுதோறும் ஏறி இறங்கும் தரையில் ஆழமில்லாத கடைக்கால் போட்டுக் கட்டிய சுவர், எப்பேர்ப்பட்ட சுவராக இருந்தாலும் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் விடும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ் போல அகன்ற குத்துத் தூண் அடித்தளம் இத்தகைய மண்ணுக்கானது. ஈரமும் வெயிலும் எட்டாத ஆழத்தில், ஏறத்தாழ 3.5 மீட்டருக்குக் கீழே, அது ஊன்றி நிற்கிறது. ஆனால் அதற்கு இயந்திரமும் கம்பியும் கான்கிரீட்டும் வேண்டும். மனையின் விலை மலிவாக இருந்ததற்கான காரணம் பல சமயம் இப்படிப் பூமிக்குக் கீழேதான் இருக்கிறது.

தொழில்நுட்பம் நன்றாக இருந்தும் கை பழகாததால் கெட்டுப்போன வேலைகளும் உண்டு. எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைகளுக்கு நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு, ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவார்கள். செங்கல்லும் ஏறத்தாழ கால் பங்கு குறையும், நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் உள்ளே விடாது. என் மேற்பார்வையில் நடந்த முதல் எலிப்பொறிச் சுவரில், இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் சிமெண்ட் மூட்டைகள் கணக்குக்கு மேல் காலியாகியிருந்தன. "உள்ளே ஓட்டையா விட்டா நாளைக்கு எலி குடித்தனம் வந்துரும் சார், அதான் கலவைய ரொப்பிட்டேன்" என்றார் கொத்தனார், வெகு பொறுப்போடு. தவறு அவருடையது அல்ல. பெயரைச் சொன்ன நான் காரணத்தைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து, மனைக்கு வெளியே மூன்றடி நீளத்துக்கு ஒரு மாதிரிச் சுவரைக் கட்டி, அதை இடித்துக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்குகிறேன். நாட்டுச் சூளைச் செங்கல் ஒன்றுக்கொன்று அரை அங்குலம் வித்தியாசப்பட்டால் இந்தக் கட்டு ஒத்துவராது என்பதையும் அங்கேதான் கற்றேன்.

ஆவண விஷயத்தில் நான் வழக்கறிஞர் அல்ல என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு நின்றுவிடாமல் கிராம நிலங்களின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டில் நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கை ஒட்டியதா என்பதையும், நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படத்தில் வண்டிப்பாதை உண்மையிலேயே காட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு விதிகள், 2016 அக்டோபர் 20 வரை பத்திரம் பதிவான மனைகளை அடிப்படையாகக் கொண்டவை; பண்ணை நிலத்தை அண்மையில் துண்டு போட்டு விற்கிறவர் "எல்லாம் ரெகுலரைஸ் ஆகிவிடும்" என்று சொன்னால் அந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள். மனை உரிமையாளரே சான்றளித்துக் கட்டட அனுமதி பெறும், 2024-இல் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையும் 2,500 சதுர அடி வரையிலான மனைகளுக்கே பொருந்தும். அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. வீட்டுக் கடன் எதிர்பார்க்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியில் பேசிவிடுவது நல்லது, ஏனெனில் அனுமதி இல்லாத நிலத்துக்கும் மண் சுவருக்கும் ஒருசேரக் கடன் தர யாரும் ஆர்வம் காட்டுவதில்லை. தோட்டத்து இலவச மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுப்பது விதிமீறல். கழிவுநீர் உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து அறுபது அடியாவது தள்ளி இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள்? மண், மரம், ஓடு ஆகியவை ஆள் புழங்கும் வீட்டுக்கு உரிய பொருள்கள். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கவும், ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றவும், பேஸ்மட்டத்தின் ஓரமாக ஏறுகிற கரையான் கோட்டை அன்றன்றைக்கே தட்டிவிடவும் ஓர் ஆள் வேண்டும். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் கரையான் கதவு நிலையை உள்ளுக்குள்ளேயே தின்று, வெளியே வண்ணப்பூச்சை மட்டும் விட்டுவைத்ததை நான் விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறேன். விரல் உள்ளே போய்விட்டது. குரங்குத் தொல்லை உள்ள ஊர் என்றால் ஓட்டுக் கூரையைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் கடலோரத்திலிருந்து புதுக்கோட்டை வரை கூரை ஓடுகளும் தகரமும் பறந்ததைப் பார்த்த பிறகு, எந்தச் சாய்கூரையிலும் கைமரத்தைச் சுவரின் உச்சியைச் சுற்றி ஓடும் மேல்வளையத்தோடு கம்பிப் பட்டையால் பிணைக்காமல் விடுவதில்லை. சுவருக்கு வெளியே இரண்டரை அடி இறவாணம், அதாவது நீட்டிய கூரை விளிம்பு, இருந்தால் சாரலிலிருந்து மண் சுவர் தப்பும். ஆனால் அதே இறவாணத்தைத்தான் காற்று முதலில் பிடித்துத் தூக்கும்.

என்னிடம் வந்தவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி ஒருவர் மட்டும் நான் சொன்னதற்கு மேலாகவே செய்தார்கள். நிலத்தை வாங்கிய கையோடு கட்டாமல், அதே ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து ஓராண்டு தங்கினார்கள். கோடையில் அண்டை வீட்டுக் கிணற்றில் எத்தனை முழம் கயிறு இறங்குகிறது என்று அம்மையார் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். கார்த்திகை மழையில், வாஸ்து பார்த்துக் குறித்துவைத்திருந்த அந்த மூலையில் நான்கு நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. "அங்க எப்பவும் நிக்கும் டீச்சர், நீங்க கேக்கவே இல்லையே" என்றாராம் பக்கத்துக் காட்டுக்காரர். இப்போது அவர்களுடைய வீடு பாதையோரத்து மேட்டில், 640 சதுர அடியில் இருக்கிறது. அந்த மூலையில் வாழை வைத்திருக்கிறார்கள்.