கதிர்வீச்சா, கதிரியக்கமா?

'விண்கலக் கதிரியக்கப் பாதிப்பு மாதிரி மென்பொருள்.' தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்த அறிவியல் தாளில், 'ஸ்பேஸ்கிராஃப்ட் ரேடியேஷன் எஃபெக்ட்ஸ் மாடலிங் சாஃப்ட்வேர்' என்பதற்கு இப்படித்தான் அச்சாகியிருந்தது. மேடைகளிலும் இதையே கேட்டு அலுத்துவிட்டது. ஐந்து சொல்லில் இரண்டு தப்பு.

வேர் எளிது. லத்தீனில் ராடியஸ் என்றால் சக்கரத்தின் ஆரக்கால்; ஒளிக்கதிரும் அதுவே. அதில் கிளைத்தது ரேடியேஷன். நமக்குக் கதிர் இருக்கவே இருக்கிறது. வீச்சைச் சேர்த்தால் கதிர்வீச்சு.

கதிரியக்கம் வேறு. நிலையில்லாத அணுக்கரு தானே சிதைந்து கதிரை வெளிவிடும் குணம் அது. 1896இல் பெக்கெரல் யுரேனியத்தில் கண்டதற்கு, 1898இல் கியூரி தம்பதி வைத்த பெயரின் தமிழாக்கம். கேப் டவுன் பக்கத்தில் உள்ள கூபெர்க் அணுமின் நிலைய எரிபொருளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் சரி. விண்கலத்தைத் தாக்குவதோ, பூமியைச் சுற்றி அதன் காந்தப்புலம் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் வான் ஆலன் பட்டைகளில் சிக்கிச் சுழலும் புரோட்டானும் எலெக்ட்ரானும், சூரியன் உமிழும் துகள்களும், அண்டக் கதிர்களும். துகள் பட்ட உலோகம் கொஞ்சம் கதிரியக்கம் பெறுவதுண்டு. ஆனால் சிப்பைக் கெடுப்பது அதுவல்ல.

2009இல் ஏவிய நம் தென்னாப்பிரிக்கச் செயற்கைக்கோள் சும்பாண்டிலாசாட், 2011இல் சூரியப் புயலில் அடிபட்டது. அதன் கணினி தரையிலிருந்து போன கட்டளைகளுக்குப் பணியாமல் போனது. இதைக் கதிரியக்கப் பாதிப்பு என்று படிக்கிற பிள்ளை, உள்ளே யுரேனியம் கசிந்ததாகத்தானே நினைக்கும்?

பழகிவிட்டதே, ஆஸ்பத்திரியில்கூட எக்ஸ்ரே பிரிவைக் கதிரியக்கவியல் என்கிறார்களே என்பார்கள். எக்ஸ்ரே குழாயில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். பலகையில் எழுதிய தப்பு எப்படி முன்மாதிரியாகும்? எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த பாட்டியின் பக்கத்தில் குழந்தையை விடப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு இந்தப் பெயரும் ஒரு காரணம்.

அப்புறம் 'மாதிரி'. மாதிரி மென்பொருள் என்றால் வாங்குமுன் பார்க்கக் கொடுக்கிற சாம்பிள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்பென்விஸ் என்ற மென்பொருள் செய்வது அதுவா? சுற்றுப்பாதையைக் கொடுத்தால் எங்கே எத்தனை துகள் வரும், இத்தனை மில்லிமீட்டர் அலுமினியத்துக்குப் பின்னால் இருக்கும் சிப்பில் எவ்வளவு கதிர்வீச்சு டோஸ் சேரும் என்று கணக்கிட்டுத் தருகிறது. நம் மேற்குக் கரைக்கு அப்பால், தென் அட்லாண்டிக்கின் மேல் வான் ஆலன் உள்பட்டை தாழ்ந்து வருகிறதே, அங்கே கூடுகிற துகள்களும் கணக்கில் உண்டு. இது கணிப்பு. சிலர் இதற்கு 'உருவகப்படுத்துதல்' என்று எழுதுகிறார்கள். உருவகம் அணியிலக்கணத்துக்குரியது, புரோட்டானுக்கு வேண்டாம். 'விண்கலக் கதிர்வீச்சுப் பாதிப்புக் கணிப்பு மென்பொருள்' என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை அப்படியே ஒட்டிவிடுகிற மொழிபெயர்ப்பு பெருகிவிட்டது. அதே தாளில், 'சிங்கிள் ஈவென்ட் அப்செட்' என்பதற்கு 'ஒற்றை நிகழ்வு வருத்தம்' என்றும் இருந்தது. யாருக்கு வருத்தம்? ஒரே ஒரு துகள் பட்டு நினைவகத்தில் 0 இருந்த இடம் 1 ஆகிவிடுவதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். 'பிட் புரள்வு' என்றால் போதும். பிட் என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.