தேயிலை மலையை வரைந்தால் ஏன் தட்டையாக வருகிறது?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலை மலையை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பச்சை டியூபைத்தான் முதலில் பிதுக்குவார்கள். முடிந்த பிறகு பார்த்தால் மலை இருக்கும், கண்ணுக்குத்தான் நிற்க இடம் இருக்காது. உருவத்தையும் ஆழத்தையும் நாம் அறிவது பெரும்பாலும் வெளிச்ச, இருட்டு வித்தியாசத்தால். பத்து வகைப் பச்சை பூசினாலும் பிரகாசம் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே பரப்பாகத்தான் தெரியும்.

மலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொழுந்து எடுக்காத நிரைகள் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. எடுத்து முடித்த பக்கம் முற்றிய இலை வெளியே தெரிவதால் கரும்பச்சை. செடிகளின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய மலையோ பழுப்பும் சாம்பலும். இந்த மூன்றும் சந்திக்கும் எல்லைகளை முதலில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வண்ணம் பூசிய பிறகு படத்தை போனில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லைகள் காணாமல் போனால் எவ்வளவு அழகான பச்சை பூசியும் பயனில்லை.

அப்புறம் தூரம். மழை விட்ட காலையில் ஹப்புத்தளையில் நின்றால் தொலைவு மலைகள் நீலமாகத் தெரியும். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட 4 மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. அந்த நீலம் மலைக்கும் நமக்கும் நடுவே திரையாக விழுகிறது. முதலில் வெளிறுவது இருண்ட இடங்கள்தான். அதனால் தூரத்து மலைக்குக் கறுப்பு நிழல் வைக்கக் கூடாது. பனிமூட்டத்தின் சங்கதி வேறு. அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். ஆகவே அது வெள்ளை. நீல மூட்டம் பூசிய படங்களைக் கண்டால் எனக்கு அது மூட்டமாகவே படுவதில்லை.

சரி, சிவப்புக்கு வருவோம். கொழுந்தெடுக்கும் அக்காவின் சிவப்புச் சேலை அரை மைல் தள்ளியும் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், சிவப்பும் பச்சையும் மூளைக்குப் போகும் வழியில் எதிரெதிர் சமிக்ஞைகளாக மாறுவதுதான். பக்கத்தில் வைத்தால் ஒன்றை மற்றொன்று தூக்கிக் காட்டும். பாரிஸின் கோபலென் சாயப்பட்டறையில் கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று புகார் வந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில்தான் என்று கண்டவர் வேதியியலாளர் செவ்ரல். 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

அதற்கு முன்பே, 1832இல், லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஓவியர் டர்னர் தன் சாம்பல் நிறக் கடலில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பக்கத்தில் இன்னொரு ஓவியர் கான்ஸ்டபிள் சிவப்பை வாரி இறைத்து வரைந்திருந்த படம் மங்கிப்போனது. உங்கள் படத்தில் கொழுந்தெடுக்கிற எட்டுப் பேருக்கும் சிவப்புச் சேலை கட்டிவிட்டால் கண் எவரிடமும் நிற்காது. ஒருத்தருக்குப் போதும். மிச்சச் சிவப்பைப் பச்சையோடு துளி கலந்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் பச்சையை ஏற்றுகிற அதே சிவப்பு, கலந்தால் அதை அடக்கிவிடும். டியூப் பச்சையின் கூச்சல் போய், மலையின் பச்சை வரும்.

பொழுது சாய்ந்தால் இந்தக் கணக்கு மாறும். மங்கலில் கண்ணின் கோல் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. புர்கின்யே விளைவு என்பது இதுதான். சேலை கறுத்துவிடும், இலை வெளிறித் தெரியும். அந்த நேரத்துப் படத்தில் கண்ணை இழுக்கச் சிவப்பை நம்ப வேண்டாம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசல் பல்புக்குக் கொஞ்சம் மஞ்சள் வைத்து, சுற்றிலும் நீலம் கலந்த இருட்டைப் பூசினால் வேலை ஆகிவிடும்.